வெட்டிய ஓரம்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு வரையாடு 27 ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. 10-க்கு 12 அங்குலப் படம். வயதேறிய கடா. சேணம் வைத்தாற்போல முதுகில் வெள்ளி நரை. பாறை விளிம்பில் முன்கால்கள் இரண்டையும் சேர்த்து ஊன்றித் தலையை இடப்பக்கம் திருப்பி நிற்கும். பின்னால் மூடுபனி நிறைந்த பள்ளத்தாக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தின் முன் சற்று நின்று, "எப்படிப் பார்க்குது பாருங்க, மலையே தன்னோடதுங்கிற மாதிரி" என்பார்கள். எந்த உச்சியில் ஏறி எடுத்தது என்று கேட்பார்கள். ஆனைமலை என்பேன். பொய்யில்லை. ஆனால் எடுத்த இடம் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. பேருந்து நின்ற இடத்திலிருந்து பதினைந்தடி.

1996 ஜனவரி. வேலைக்குச் சேர்ந்த புதிது. சித்தப்பா வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். பொங்கலுக்குப் பொள்ளாச்சி வந்தவர் திரும்பும்போது, "ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வா கண்ணு, காட்டைப் பாரு" என்று என்னையும் கூட்டிக்கொண்டார். நண்பனிடம் இரவல் வாங்கிய பென்டாக்ஸ் கே1000 கேமரா, 135 மி.மீ. லென்ஸ், 36 படம் விழும் ஒரே ஒரு பிலிம் சுருள். அந்த 36-ஐயும் காசு எண்ணுவதுபோல எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். ஆழியாறு அணை, குரங்கு அருவி எல்லாம் தாண்டி வளைவுகள் தொடங்கின. மொத்தம் 40. சித்தப்பா சன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை சொன்னார். மண் சரிந்த இடம், சிறுத்தை குறுக்கே போன இடம், நடுராத்திரியில் லாரி நின்றுபோய் அவர் நடந்தே இறங்கிய இடம். கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை. கைக்கடிகாரத்தை வலதுகையில்தான் கட்டுவார். பேசும்போது அந்தக் கைதான் முன்னால் வரும்.

ஒன்பதாவது வளைவில் வண்டி சூடாகிவிட்டது என்று ஓட்டுநர் நிறுத்தினார். இறங்கினால் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பாறைமேல் ஆறேழு வரையாடுகள். என் கை நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது. மடமடவென்று ஐந்து படம் எடுத்தேன்.

பொள்ளாச்சியில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணன் பிரதிகளை மேசைமேல் பரப்பி, ஒன்றை மட்டும் தனியே எடுத்தார். "இது நல்லா வந்திருக்குங்க தம்பி. இடதுபக்கம் ரோடும் சுவரும் விழுந்திருக்கு. பெருசு பண்றப்ப வெட்டிரலாங்களா?"

"வெட்டிருங்ணா."

அவ்வளவுதான். கறுப்பும் வெள்ளையுமாகச் சுண்ணாம்படித்த சுவரும் தாரும் போனபிறகு, ஒன்பதாவது வளைவு ஒரு மலையுச்சி ஆகிவிட்டது.

அதன்பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் நான் செய்ததெல்லாம் அந்த அண்ணன் செய்த வேலையைத்தான். முதுமலை, டாப்சிலிப், கோடியக்கரை என்று விடுமுறை கிடைத்தபோதெல்லாம் போனேன். விலங்கைத் தேடிய நேரத்தைவிட, அதன் பக்கத்தில் இருக்கும் மற்றதை மறைக்கச் செலவழித்த நேரம் அதிகம். மின்கம்பி வந்தால் இரண்டடி தள்ளி நிற்பது, சாலை தெரிந்தால் மண்டியிட்டுப் புல்லை முன்னால் கொண்டுவருவது, ஜீப்பின் ஓரம் விழுந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது. கோடியக்கரையில் வெளிமான் கூட்டத்துக்கு நடுவே மாடு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அது விலகிப் போகட்டும் என்று ஒரு முற்பகல் முழுக்க வெயிலில் படுத்திருந்தேன். அவை சேர்ந்து மேய்வதுதான் அந்த இடத்தின் உண்மை என்று தோன்றவே இல்லை. வீட்டில் படங்களைப் பார்த்தவர்கள், மனிதர் கால்படாத ஏதோ ஓர் உலகத்துக்கு நான் போய்வருவதாக நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

என் முதல் படம் சுவரில் ஏறிய அதே 1996 பிப்ரவரியில் மா. கிருஷ்ணன் காலமானார். அப்போது அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1950 முதல் சாகும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றிய பத்தியைத் தொடர்ந்து எழுதியவர், தமிழிலும் எழுதியவர். தியடோர் பாஸ்கரன் தொகுத்த "மழைக்காலமும் குயிலோசையும்" வழியாகத்தான் எனக்கு அறிமுகமானார். பிறகு அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பார்த்தேன். யானைமேல் ஏறியும் காலால் நடந்தும், தானே பல பாகங்களை ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய கனத்த கேமராவால் எடுத்தவை. முதல் பார்வையில் எனக்கு ஏமாற்றம்தான். யானையின் முகத்துக்குக் குறுக்கே மூங்கில் கிளை. உடம்பில் பாதியைப் புதர் மறைத்திருக்கும். நானாக இருந்தால் இவற்றில் பலவற்றைக் கழித்துக்கட்டியிருப்பேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு மாற வெகுகாலம் ஆயிற்று. அந்த மூங்கிலைத்தான் அந்த யானை தின்றுகொண்டிருந்தது.

2008 மார்ச் மாதம் நடந்ததை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

இருவாச்சி கூடு கட்டும் முறை பலருக்கும் தெரிந்திருக்கும். உயர்ந்த பழைய மரத்தின் பொந்துக்குள் பெட்டை போய் உட்கார்ந்துகொண்டு, தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீளும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். உள்ளேயே சிறகுகளை உதிர்த்துவிடுவதால் நினைத்தாலும் பறந்துபோக முடியாது. மூன்று, நான்கு மாதத்துக்கு அதற்கும் குஞ்சுக்கும் சோறு என்பது ஆண்பறவை கொண்டுவருவது மட்டும்தான். காட்டத்திப் பழங்களைத் தொண்டைக்குள் நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வரவழைத்துக் கீறலுக்குள் ஊட்டும். காடு அழிந்தால் இந்தப் பறவைக்கு முதலில் இல்லாமல் போவது இரைகூட இல்லை, வீடுதான். அவ்வளவு பெரிய பொந்து விழ ஒரு மரம் அவ்வளவு வயது வாழவேண்டும்.

வால்பாறையிலிருந்து தொலைவில், காட்டோரத்தில் அப்படி ஒரு மரம் இருப்பதாக எனக்குத் தகவல் வந்தது. அதற்குள் டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது, 300 மி.மீ. லென்ஸ் வாங்கியிருந்தேன்; படத்தை எண்ணிச் செலவழிக்கும் கவலை இல்லை. நான் போனபோது மரத்தடியில் ஏற்கெனவே ஆறு பேர். முக்காலிகளை விரித்து நின்றார்கள். ஏழாவதாக நானும் விரித்தேன்.

ஒன்பது மணி வாக்கில் சிறகோசை கேட்டது. இருவாச்சி பறக்கும் ஓசையைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். தூரத்தில் நீராவி எஞ்சின் வருவதுபோல மூச்சுவிட்டுக்கொண்டு வரும். ஆண்பறவை எதிர்மரத்தில் இறங்கி உட்கார்ந்தது. எங்களைப் பார்த்தது. தலையைச் சாய்த்து மறுபடியும் பார்த்தது. கூட்டுமரத்தை நோக்கிப் பறந்துவந்து, இறங்காமல் வளைந்து, திரும்பிப் போய்விட்டது. முக்கால் மணி கழித்து மறுபடி வந்தது. மறுபடி வளைந்து போனது. மூன்றாம் முறை வளைந்தபோது காலை வெயில் நேராக அதன் மஞ்சள் அலகில் விழுந்தது. அலகு நுனியில் ஓர் அத்திப்பழம். இரண்டு சிறகும் முழுதாக விரிந்திருந்தன. என் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் வனத்துறை வாட்சர் ஒருவர் வந்தார். காடர் இனத்துப் பெரியவர். சத்தம் போடவில்லை. முக்காலிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்க நிக்கிறவரைக்கும் அது எறங்காது சார். உள்ள ஒருத்தி பசியோட இருக்கா" என்றார்.

இரண்டு பேர் உடனே மடக்கிக் கிளம்பினார்கள். ஒருவர், "பத்தே நிமிஷம் ஐயா" என்றார். பெரியவர் பதில் சொல்லாமல் நின்றார். அந்தப் பத்து நிமிடமும் நானும் நின்றேன். நிற்கக்கூடாது என்று தெரிந்துதான் நின்றேன். அத்தனை தூரம் வந்தாயிற்று, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இன்னும் ஒருமுறை வந்தால் போதும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பெரியவரின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு அவரே எங்களைச் சரிவுக்குக் கீழே வெகுதூரம் கூட்டிப்போய், ஒரு பாறைக்குப் பின்னால் உட்காரவைத்தார். அங்கிருந்து கூட்டுமரத்தில் பாதிதான் தெரியும். படத்துக்கு வாய்ப்பே இல்லை. கால்மணிக்குள் சிறகோசை வந்தது. இந்தமுறை நிற்கவில்லை; நேராகப் போய்ப் பொந்தருகே ஒட்டிக்கொண்டது. பைனாகுலரில் பார்த்தேன். கழுத்தை ஒருமுறை உதறும், அலகு நுனியில் ஒரு பழம் வரும், கீறலுக்குள் போகும். மறுபடி உதறும். பதினொன்றுவரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணும் நிலையில் நான் இல்லை.

அந்தப் பறக்கும் படம் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டது. சிறகின் விரிவைப் பலரும் புகழ்ந்தார்கள். எனக்கு மட்டும் தெரியும், அது பறந்துபோகிற பறவை இல்லை. வீட்டுக்குள் போகவிடாமல் வாசலில் ஏழு பேர் நின்றதால் திருப்பியனுப்பப்பட்ட பறவை. படத்தில் விழாத அந்த ஏழு பேரும்தான் அந்தப் படத்தின் காரணம். அதை நான் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. கூடு இருக்கும் இடத்தையும் அன்றிலிருந்து எவர் கேட்டாலும் சொல்வதில்லை.

பிறகு சில ஆண்டுகள் கேமராவைத் தொடுவது குறைந்துபோனது. 2011-இல் சித்தப்பா இறந்தார். வால்பாறை போக இருந்த ஒரே உறவும் அதோடு அறுந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் 2019-இல், அலுவலகத்தில் கூட வேலைபார்த்தவர்கள் சிங்கவால் குரங்கு பார்க்கவேண்டும் என்று இழுக்க, மறுபடி அந்த 40 வளைவுகளில் ஏறினேன்.

ஊர் மாறியிருந்தது. யானை நடமாட்டம் இருந்தால் எச்சரிக்கக் குறுஞ்செய்தி வருகிறது. யானை வந்திருக்கும் பகுதியில் உயரமான இடத்தில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. அங்கே இருப்பவர்களே கைப்பேசியிலிருந்து அதை ஏற்றிவிடலாம். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் வனத்துறையும் எஸ்டேட்காரர்களும் சேர்ந்து செய்த வேலை. இருட்டில் வீட்டுக்கு நடக்கும் தொழிலாளிக்கு அந்த விளக்கு உயிர். என் கேமராவோ அதையும் முன்பு "இடைஞ்சல் வெளிச்சம்" என்றுதான் ஒதுக்கியிருக்கும்.

வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். ஒருகாலத்தில் முழுக்க மழைக்காடு. 1890-களிலிருந்து காப்பிக்கும் தேயிலைக்குமாக வெட்டி வெட்டி, இடையிடையே துண்டு துண்டாக மிஞ்சியதுதான் இன்றுள்ள காடு. அப்படி ஒரு துண்டு ஊருக்கு முன்னால் இருக்கும் புதுத்தோட்டம். 90 ஹெக்டேர்தான் இருக்கும். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்கவால் குரங்குகள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் எங்குமே இல்லாத குரங்கு, மொத்தமாகவே 4,000-க்குள்தான். மரத்தைவிட்டு இறங்காமலே வாழ்ந்துமுடிக்கக்கூடிய பிறவி அது. வெடிப்பலாவைப் பிளந்து தின்னும். இங்கே கிளையும் கிளையும் தொடாமல் நடுவில் சாலை போய்விட்டதால் தரைக்கு வந்துவிட்டது. வண்டியில் அடிபட்டது. அதனால் பழைய தீயணைப்புக் குழாய்களை இழுத்துக் கட்டிச் சாலைக்கு மேலே பாலம் போட்டிருக்கிறார்கள். கீழே காவலர்கள் கைகாட்டி வண்டிகளின் வேகத்தைக் குறைக்கிறார்கள்.

இந்தக் குரங்கைப் படமெடுப்பது சிரமம். உடம்பு கன்னங்கறுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. கறுப்பைப் பார்த்த கேமரா, இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பிடரி வெளுத்துப்போகும். ஒரு ஸ்டாப் குறைத்து வைக்கவேண்டும். நான் குறைத்து வைத்துக்கொண்டு, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் ஒரு குரங்கைப் பின்தொடர்ந்தேன். வால் நுனியில் குஞ்சம். கையில் ஏதோ வைத்திருந்தது. கொய்யா மரத்துக்குப் பின்னால் குனிந்து, இலைகள் கீழ்ப்பாதியை மறைக்குமாறு பார்த்து எடுத்தேன். அடர்ந்த பச்சைக்குள்ளிருந்து ஒரு முகம். காட்டின் நடுவே எடுத்ததுபோலவே இருந்தது.

"காட்டுங்க தம்பி, எப்படி விழுந்திருக்குன்னு பாக்கலாம்." பக்கத்து வீட்டு அக்கா. கையில் மூங்கில் கழி. கொழுந்து பறித்துவிட்டு மதியச் சோற்றுக்கு வந்திருந்தார். திரையைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொரங்கு நல்லா விழுந்திருக்கு. எங்க வீட்டைக் காணோமே? அது எங்க ஓட்டு மேலதான உக்காந்திருந்துச்சு?"

"வீடு வந்தா படம்..." என்று தொடங்கினேன். முடிக்க வாய் வரவில்லை. அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தேடினார். தன் வீடு எப்படி இல்லாமல் போனது என்று அவருக்குப் புரியவில்லை.

பிறகு உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்கிய இடம், கம்பி வலை அடித்தது, வலையையும் நெம்பியது. "முட்டை இருக்கிற டப்பா எதுன்னு அதுக்குத் தெரியும் தம்பி. அரிசி டப்பாவைத் தொடாது." மூன்று தலைமுறையாக அதே லைனில் இருப்பவர்கள். "அடிக்க மாட்டோம். கழியைக் காட்டுவோம், அவ்வளவுதான். அதுக்கும் வேற எடமில்ல, எங்களுக்கும் வேற எடமில்ல." காப்பி கொடுத்தார். இத்தனை வருடங்கள் காட்டைப் படமெடுத்திருக்கிறேன். அங்கே இருப்பவர் ஒருவருக்கு என் படத்தைக் காட்டியது அதுதான் முதல்முறை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு 35 மி.மீ. லென்ஸோடு போனேன். வாசலில் நின்றுகொண்டு, எதையும் மறைக்காமல் எடுத்தேன். ஓட்டுமேல் பாரத்துக்கு வைத்த கற்கள், டிஷ் ஆன்டெனா, கொடியில் காயும் பள்ளிச் சீருடை, கூரை முகட்டில் குட்டியை வயிற்றில் ஒட்டிய தாய்க்குரங்கு, கீழே கழியோடு அக்கா, வீட்டுக்குப் பின்னால் தேயிலை, அதற்கும் பின்னால் அந்தத் துண்டுக் காடு. எடுப்பதற்குமுன் அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். ஓட்டில் வெயில் கண்ணைக் கூசும் அளவுக்கு வெளுத்துவிட்டது. அதை ஒன்றும் செய்யமுடியாது. பிரதி போட்டு அனுப்பினேன். தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமியார் வச்ச வெத்தலைக் கொடிகூடத் தெரியுது" என்றார். நான் அந்தக் கொடியைக் கவனித்திருக்கவே இல்லை.

2023-இல் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் படங்களைக் கழற்றினோம். வரையாட்டுப் படத்தின் பின்பலகையைக் கரையான் அரித்து, படத்தின் மூலையிலும் ஏறியிருந்தது. நெகட்டிவ் இருந்தது. அதே ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போனேன். அண்ணன் இப்போது கடைக்கு வருவதில்லை, மகன்தான் பார்த்துக்கொள்கிறான். நெகட்டிவை ஸ்கேனரில் வைத்துக் கணினித் திரையில் முழுதாகக் கொண்டுவந்தான்.

27 வருடங்கள் கழித்து அந்த இடது ஓரத்தைப் பார்த்தேன். தார்ச் சாலை, கறுப்பு வெள்ளைச் சுவர், சுவரின்மேல் யாரோ வைத்துவிட்டுப்போன டீ டம்ளர். சட்டகத்தின் விளிம்பிலிருந்து ஒரு கை உள்ளே நீண்டிருந்தது. கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை. வலதுகையில் கடிகாரம். உள்ளங்கையில் கடலை மிட்டாய்த் துண்டு.

"கொஞ்சம் கிட்ட வரட்டும் சித்தப்பா, ஏதாச்சும் குடுங்க." நான்தான் சொல்லியிருக்கிறேன். சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. வரையாடு பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காட்டு விலங்குக்குத் தீனி கொடுப்பது அதை வண்டிச் சக்கரத்துக்குப் பழக்குவது என்று இன்று தெரிகிறது. 2024-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில் 1,031 வரையாடுகள்தான் இருந்தன என்று படித்தபோதும் எனக்குக் கண்முன் வந்தது அந்த மிட்டாய்த் துண்டுதான். எனக்காக அதை நீட்டிய கை, என் சித்தப்பாவின் கை. அவரை நான் எடுத்த வேறு படம் எதுவும் என்னிடம் இல்லை.

"இந்தப் பக்கம் வெட்டிரலாங்களா சார்?" என்றான் பையன். மௌஸ் அந்தக் கைமேல்தான் நின்றது.

"வேண்டாம் கண்ணு" என்றேன். முழுப்படத்தையும் 12-க்கு 18 அளவில் போடச் சொன்னேன்.